பிளேடு இல்லாத இழைப்புளி

படுக்கப் போகும்போது கரோலின் பெஞ்சின் ஓரத்தில் வைத்திருந்த இழைப்புளி, காலையில் பெஞ்சின்மேல் இழைக்கக் கிடத்தியிருந்த பலகையின் நடுவில் இருந்தது.

பூனை தள்ளியிருக்கும் என்று நினைத்தாள். ஆனால் அந்த ஈட்டிமரக் கட்டை அவள் கைக்கே கனம். விம்கோ நகரில் மூடிக்கிடந்த ஒரு பட்டறையைக் காலி செய்தபோது குப்பையில் கண்டெடுத்தது. பிளேடும் இல்லை, அதை அழுத்திப் பிடிக்கும் ஆப்பும் இல்லை.

உள்ளே கட்டிலில் இருந்து கணவன் நோயல் கேட்டான்.

"கரோ, ராத்திரி இன்னா இழைச்சிக்கினு இருந்த?"

"நான் தூங்கிட்டேங்க."

"சத்தம் கேட்டுச்சே."

பேசின் பிரிட்ஜ் ரயில்வே யார்டில் வேகனிலிருந்து விழுந்து அவனுக்கு முதுகெலும்பு போய்விட்டது. தானாகப் புரண்டுகூடப் படுக்க முடியாது. மெத்தை வேண்டாம், பலகையில் படுக்க வையுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஒரு பழைய தேக்குக் கதவின் பலகை கிடைத்தது. முழுக்கச் சிலாம்பு. துறைமுகப் பட்டறை ஸ்டோரில் கருவிகளோடே வேலை பார்க்கிறவள் அவள். அவன் முதுகு படும் பலகையைத் தன் கையாலேயே இழைக்க வேண்டும் என்று நினைத்தாள்.

பிளேடு தேடி அவள் கொண்டுபோன இழைப்புளியைப் பழைய இரும்புக் கடை பிலால் திருப்பிப் பார்த்தான்.

"இது சாதா ஆசாரி சைஸ் இல்லக்கா. ராயபுரத்துல பொட்டிக் கடை ஸ்டானிஸ்லாஸ் கைல கேளு."

எந்தப் பொட்டி என்று அவள் கேட்கவில்லை. ராயபுரத்தில் அதைக் கேட்கத் தேவையில்லை.

கடையில் பாதி முடிந்த சவப்பெட்டிகள் சுவரோடு சாய்ந்து நின்றன. ஸ்டானிஸ்லாஸ் இழைப்புளியில் பிளேடு நுழையும் வாயில் விரலை வைத்து, சுட்டதுபோல எடுத்தார். உள்ளே போய், எண்ணெய்த் துணியில் சுற்றிய பிளேடையும் ஆப்பையும் கொண்டுவந்தார். துளித் துரு இல்லை.

"இதுக்குன்னே செஞ்ச மாதிரி கீதே மாமா."

"இதோடதுதான். எங்கப்பாதான் பிரிச்சி வச்சாரு."

"ஏன்?"

"யாருக்கும்மா?" என்றார் அவர்.

"வூட்டுக்காரருக்கு."

அவர் சிலுவை போட்டுக்கொண்டார். "எடுத்துக்கினு போ. இத்த வச்சிக்கினு நாங்க பட்டது போதும்."

திருவொற்றியூர் பஸ்ஸில் ஜன்னலோரம் மழை அடித்துக்கொண்டிருந்தபோதுதான் அவளுக்கு உறைத்தது. எதுக்கு என்று அவர் கேட்கவில்லை. யாருக்கு என்று கேட்டார்.

சாயங்காலம் பிளேடைச் செருகி, ஆப்பை ஒரே தட்டலில் இறக்கினாள். பலகையில் வைத்துத் தள்ளியதும், அவள் அழுத்தாமலே, அவள் கையை இழுத்துக்கொண்டு அது ஓடியது. தேக்கு வாசனை வரவில்லை. சாம்பிராணிப் புகையும், மழையில் நனைந்து அழுகும் மாலையும் கலந்த ஒரு வாடை கிளம்பி, வாசலில் கொட்டும் மழையின் ஈரத்தையும் கடல் உப்பையும் தாண்டி, தொண்டைக்குள் இறங்கி நின்றது. கையை எடுத்தாள். அதற்குப் பிறகும் கட்டை ஒரு சாண் ஓடி நின்றது.

கரண்ட் போனது.

"பயப்படாதீங்க. மெழுகுவத்தி வாங்கினு வந்துர்றேன்."

தெருமுனைக் கடைக்குத்தான் போனாள். திரும்பி வரும்போது வாசலிலேயே கேட்டது.

சர்ர்ர். நிதானமாக. சர்ர்ர்.

"நோயல்?"

கட்டில் காலி. போர்வை மடிப்புக் கலையவில்லை.

செல்போன் வெளிச்சத்தை பெஞ்சுப் பக்கம் திருப்பினாள். பலகைமேல் நோயல் மல்லாந்து படுத்திருந்தான். கால்கள் சேர்ந்து. கைகள் நெஞ்சில் கோத்து. விபத்துக்குப் பிறகு அவள் பார்க்காத சிரிப்பு.

"யாருங்க உங்கள தூக்குனது?"

"வலியே இல்ல கரோ. பலகைதான் கொஞ்சம் அகலம் பத்தல."

அவனுடைய வலது தோள் பலகையைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தது. இடது தோள் நீட்டவில்லை. பலகையின் விளிம்போடு ஒரே நேர்க்கோட்டில் முடிந்திருந்தது. வழவழப்பாக. சிவப்பாக. கீழே தரையில், மெல்லிய, ஈரமான சுருள்கள்.

இழைப்புளி வலப்பக்கம் இருந்தது. யாரும் அதைத் தொடவில்லை.

"இந்தப் பக்கம் மட்டும்தான் பாக்கி" என்றான் நோயல். வழிவிடுவதுபோலத் தலையை ஒதுக்கிக்கொண்டு கண்ணை மூடினான்.

அடுத்த இழைப்புக்குக் கட்டை மெல்லப் பின்னால் நகர்ந்தது.