பூமயிலில் ஒரு காலி இடம்

அலாரம் வீறிட்டது.

மாரியூர் மீனவர் சங்கத்தின் கண்காணிப்பு அறையில் யுவராணி திடுக்கிட்டுத் திரும்பினாள். பிற்பகல்தான். ஆனாலும் மழைமேகம் கடலை இருட்டாக்கியிருந்தது. அவள் கணவன் காளிதாஸ், சதக் என்பவரின் படகில் மீன்பிடிக்கப் போயிருந்தான். அதில் மொத்தம் நான்கு பேர்.

படகுகளிலிருந்து சமிக்ஞைகள் இடைவிடாமல் வரும். ஒவ்வொரு படகின் கடைசி நிலையையும் மென்பொருள் தன் நினைவில் வைத்திருக்கும். காலையில்தான் அந்த நினைவின் அமைப்பை அவள் மாற்றியிருந்தாள். படகில் எத்தனை பேர் என்று குறிக்கப் புதிதாக ஒரு காலி இடம், ஒரு கட்டம் போட்டிருந்தாள். ஆட்கள் போட்டிருக்கும் மிதவைச் சட்டைகளை எண்ணி, படகிலுள்ள புதுக் கருவி அந்த எண்ணை அனுப்பும். பழைய பதிவுகளில் அந்தக் கட்டம் கிடையாது என்பதால், அவற்றுக்குப் பூஜ்யம் போட்டுக்கொள்ளும்படி எழுதியிருந்தாள்.

அலாரம் பூமயிலிலிருந்து.

போன ஐப்பசியில் மூன்று பேரோடு மூழ்கிய படகு. உடல்கள் கரை ஒதுங்கவில்லை. ஒதுங்கும்வரை படகின் பெயரைப் பட்டியலிலிருந்து அழிக்க வேண்டாம் என்று வீட்டார் கேட்டார்கள், யுவராணியும் விட்டுவைத்தாள். மற்றப் படகுகளோடு சேர்த்து அதற்கும் இன்று ஒரு கட்டம் கிடைத்திருந்தது.

அதில் பூஜ்யம் இல்லை.

மூன்று.

வயர்லெஸ் பார்க்கும் நுஃமான் டீ கிளாஸோடு எட்டிப் பார்த்தார். புது மென்பொருளுக்குக் கணக்கு வராது போல என்று சீண்டினார். அவள் சிரிக்கவில்லை.

"பூமயில்ல எண்ணுற கருவியே கெடையாதுண்ணே."

அறைக்குள் அழுகிய பாசியின் வாடை மெல்லப் பரவியது. திரையில் பூமயிலின் புள்ளி நகர்ந்தது.

சதக்கின் படகை நோக்கி.

யுவராணி மென்பொருளை நிறுத்தினாள். மாற்றத்துக்கு முன்பு சேமித்த பழைய நினைவிலிருந்து மறுபடி ஓடவிட்டாள். அந்தக் கட்டம் அதில் இருக்கவே முடியாது.

இருந்தது. மூன்று.

இரண்டு புள்ளிகளும் ஒட்டி நின்றன. நுஃமான் மைக்கைப் பிடித்துச் சதக்கைக் கூப்பிட்டார். அலை அடித்ததில் காளிதாஸைக் காணவில்லை, தேடிக்கொண்டிருக்கிறோம் என்று சதக் கதறினார்.

சதக்கின் படகில் மூன்று.

பூமயிலில் நான்கு.

வயர்லெஸ் பெட்டி கரகரத்தது. அதன் சின்னத் திரையில், அழைக்கும் படகின் பெயர் பூமயில் என்று வந்தது. தண்ணீர் கொப்பளிக்கும் சத்தம். அதற்குள்ளிருந்து, அவளுக்கு நன்றாகத் தெரிந்த குரல்.

"தேட வேணாம் யுவராணி. நீ போட்டுக் குடுத்த எடத்துலதான் உக்காந்திருக்கேன்."