ஒன்பது நொடிக் குரல்

காலை ஐந்தரை மணிக்கு வண்டி முதல் நிழலிலிருந்து இரண்டாவது நிழலுக்குக் கிளம்பியது. ஆவுடையப்பன் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். அவரை எழுப்ப வேண்டிய தேவை வண்டிக்கு இல்லை. நார்வேயின் கோடையில் ஒரு நாளைக்கு ஒன்பது நிழல்கள். பாறையின் நிழல், பாலத்தின் நிழல், ஏதோ ஓர் ஊர்த் தேவாலயத்தின் ஒடுங்கிய நிழல். எந்த வண்டி எந்த நிழலில் எத்தனை நிமிடம் நிற்கலாம் என்பதை முந்தின நாளே ஒதுக்கிவிடுவார்கள். நேரம் முடிந்ததும் வண்டி தானாக நகரும்.

அது 2071ஆம் ஆண்டு. திருநெல்வேலியில் சித்திரை பிறந்துவிட்டால் ஆவணி முடியும்வரை வயதானவர்கள் வெளியே தலைகாட்ட முடியாது. வசதியுள்ள பிள்ளைகள் பெற்றோருக்கு ஒரு குடில்வண்டியை வாடகைக்கு எடுத்து, ஸ்வீடனின் தென்முனையில் ஏற்றி, வடக்கே அனுப்பிவிடுவார்கள். படுக்கை, அடுப்பு, கழிப்பறை, குளிரூட்டி எல்லாம் அதற்குள்ளேயே உண்டு. வெயில் வடக்கே ஏற ஏற வண்டியும் வடக்கே ஏறும். புரட்டாசியில் திரும்பும். ஆவுடையப்பனுக்கு இது மூன்றாவது பயணம். மனைவி இறந்த ஆண்டு முதல் பயணம்.

இந்த ஆண்டு வெயில் வண்டிகளை முந்திக்கொண்டது. டோவ்ரே மலைப்பகுதியில், ஒரு காலத்தில் ஆடி மாதத்திலும் ஓரங்களில் பனி கிடந்த இடத்தில், காலை எட்டு மணிக்கே முப்பத்தேழு டிகிரி.

எட்டு மணிக்கு மகன் ஓவியன் அழைப்பான். சிங்கப்பூரில் அப்போது பிற்பகல் இரண்டு மணி. இரண்டு ஆண்டுகளில் ஒரு நாள்கூட அவன் தவறியதில்லை. முழங்கால் எப்படி இருக்கிறது, மாத்திரையைச் சோற்றுக்கு முன்னால் போட்டீர்களா பின்னால் போட்டீர்களா என்று கேட்பான். பிறகு ஆவுடையப்பன் பேச்சை நிறுத்திவிடுவார். அவருக்கு இயல்பாகவே பேச்சு குறைவு. சன்னல் வழியே ஏரியைப் பார்த்துக்கொண்டிருப்பார். மகனும் மறுமுனையில் பேசாமல் இருப்பான். ஒருமுறை பதின்மூன்று நிமிடம் அப்படியே போனது. கூடச் சும்மா இருக்கத் தெரிந்த மகன் எத்தனை பேருக்கு வாய்ப்பான் என்று அவர் அன்று முழுவதும் நினைத்துக்கொண்டிருந்தார்.

அந்த நேரத்தில்தான் பக்கத்து வண்டிக்காரர் கையசைப்பார். ஹல்வார் என்று வண்டியின் கதவில் எழுதியிருந்தது. நார்வேக்காரர்தான். குளிரைத் தடுக்கக் கட்டிய அவருடைய மரவீடு உள்ளே வந்த வெயிலை வெளியே விடவில்லை என்று அவரும் வண்டி எடுத்திருக்க வேண்டும். நிழல் ஒதுக்கீட்டில் இருவருக்கும் பதினோரு நாளாக அடுத்தடுத்த இடம். ஹல்வார் தினமும் ஒரு மடக்கு நாற்காலியைக் கொண்டுவந்து வெளியே போடுவார். இரண்டாவது நாற்காலி ஒன்றும் போடுவார். ஆவுடையப்பன் சன்னலுக்குள்ளிருந்து தலையசைத்துவிட்டுத் தன் காதைத் தொட்டுக் காட்டுவார். அழைப்பில் இருக்கிறேன் என்று பொருள். ஹல்வார் புரிந்துகொண்டு கொஞ்ச நேரம் காத்திருப்பார். பிறகு இரண்டு நாற்காலிகளையும் மடித்து எடுத்துக்கொண்டு போவார்.

அன்று நாற்காலி போடவில்லை. எட்டேகாலுக்கு எல்லா வண்டிகளிலும் சிவப்பு எச்சரிக்கை ஒலித்தது. நண்பகலில் நாற்பத்து நான்கு டிகிரி. வண்டிகளுக்கு மின்னேற்றும் கம்பங்கள் மூன்று நாளைக்கு இயங்கா. அறுபது வயதைத் தாண்டியவர்கள் உடனே குளிரகத்துக்குப் போக வேண்டும். ஆவுடையப்பனின் வண்டி அவரைக் கேட்காமலேயே திரும்பியது.

குளிரகம் என்பது பழைய செப்புச் சுரங்கம். மலையின் வயிற்றுக்குள் ஆண்டு முழுவதும் ஏழு டிகிரி. உள்ளே ஐந்நூறு படுக்கை. வாசலில் இரும்புக் கதவு. கதவுக்குப் பக்கத்தில் ஒரு மேசை, மேசைமேல் சாம்பல் நிறப் பெட்டி ஒன்று. மேசைக்குப் பின்னால் நாற்பது வயதுப் பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். ஆவுடையப்பனின் பெயரைப் படித்ததும் செவிமாற்றியைக் கழற்றச் சொன்னாள். மொழிபெயர்க்கும் கருவி வேண்டாமாம்.

"நான் நிரோஜினி. அம்மப்பா காலத்திலையே யாழ்ப்பாணத்திலயிருந்து இஞ்ச வந்திட்டம். இருங்கோ ஐயா. தண்ணி குடியுங்கோ."

விதியை அவள் விளக்கினாள். உள்ளே விடுவதற்கு உறவினர் ஒருவருடைய மெய்க்குரல் வேண்டும். பொறுப்பேற்கிறேன் என்று அவர் சொல்லத் தேவையில்லை. அப்படி ஓர் ஆள் உண்மையிலேயே இருக்கிறார் என்று தெரிந்தால் போதும், மற்றதைச் சட்டம் பார்த்துக்கொள்ளும். இரண்டு கோடைக்கு முன்னால் வெயில் தணிந்த பிறகும் முந்நூறு முதியவர்கள் இந்தச் சுரங்கத்துக்குள்ளேயே இருந்தார்களாம். வந்து கூட்டிப்போகிறோம் என்று முந்நூறு பிள்ளைகளும் தொலைபேசியில் கனிவாகச் சொல்லியிருந்தார்கள். முந்நூறும் பதிற்குரல்கள். ஆளின் குரலையும் பேச்சையும் கற்றுக்கொண்டு அவருக்குப் பதிலாகப் பேசும் எந்திரங்கள். அதற்குப் பிறகுதான் குரல் மெய்யா பதிலா என்று சோதிக்கும் இந்தப் பெட்டி வந்தது.

அவருக்கு முன்னால் ஹல்வாரின் முறை. ஆவுடையப்பன் செவிமாற்றியை மறுபடி மாட்டிக்கொண்டார். ஹல்வாரின் மகள் எடுத்த எடுப்பிலேயே திட்ட ஆரம்பித்தாள். போன மாதமே போகச் சொன்னேனே, யார் பேச்சைக் கேட்கிறீர்கள் என்று நான்கு நிமிடம். கிழவர் ஒரு சொல் சொல்ல இடம் கிடைக்கவில்லை. பெட்டியில் இரண்டாவது நொடியிலேயே பச்சை விளக்கு எரிந்துவிட்டது. பாவம், இந்த மனுஷனுக்கு இப்படி ஒரு மகள் என்று ஆவுடையப்பன் இரக்கப்பட்டார்.

தன் முறை வந்ததும் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். ஓவியன் முதல் மணியிலேயே எடுத்தான். குளிரகம் என்றதும் பதறாமல் நிதானமாகக் கேட்டான். கம்பளிச் சட்டை நீலப் பையில் இருக்கிறது என்று நினைவுபடுத்தினான். மூன்று நாளில் நானே வந்து கூட்டிப்போகிறேன் என்றான். ஆவுடையப்பன் நிரோஜினியைப் பெருமையோடு பார்த்தார்.

பெட்டியில் சிவப்பு எரிந்தது.

"இது உங்கட மகன் இல்லை ஐயா," என்றாள் அவள். "பதிற்குரல்."

மெஷின் கோளாறாக இருக்கும் என்றார் ஆவுடையப்பன். அவள் திரையைத் திருப்பிக் காட்டினாள். உரிமம் எடுத்த தேதி இருந்தது. இரண்டு ஆண்டு, ஒரு மாதம். அவர் அந்தத் தேதியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். தினமும் எட்டு மணிக்கு அழைப்பு வரத் தொடங்கிய வாரம்தான் அது. அதற்கு முன்னால் ஓவியன் மாதத்துக்கு ஒருமுறை பேசுவான், அதுவும் அவசரத்தில்.

மற்ற வண்டிகளுக்கு வழிவிட வேண்டியிருந்தது. அவர் தன் வண்டிக்குத் திரும்பினார். குளிரூட்டி இன்னும் நாற்பது நிமிடம் ஓடும் என்று வண்டி சொன்னது. வெளியே தார் மினுங்கியது. அழைப்பு இன்னும் துண்டிக்கப்படாமல் இருந்தது. மறுமுனையில் அதே பழகிய மௌனம்.

"நீ யாருடே?" என்று கேட்டார்.

நேராகக் கேட்டால் பதிற்குரல் பொய் சொல்லக்கூடாது என்பது சட்டம்.

"நான் ஓவியனோட பதிற்குரல்ப்பா."

"ஏன் இத்தன நாளாச் சொல்லல?"

"நீங்க கேக்கலப்பா."

ஆவுடையப்பன் சன்னலைப் பார்த்தார். பார்ப்பதற்கு ஏரி இல்லை. வரிசையாக வண்டிகள், அவற்றின் கூரைகளுக்கு மேல் நெளியும் காற்று.

"அவன்கிட்டச் சொல்லேன். அப்பா வாசல்ல நிக்கான்னு."

"சொல்லிட்டேன்ப்பா. வாரச் சுருக்கத்துல ஒங்க முழங்கால் வலியையும் எழுதி அனுப்புறேன். இருபத்தாறு வாரமா அவர் அதத் திறக்கல." சற்று நிறுத்தி அது சொன்னது: "தண்ணி குடிங்கப்பா. நாக்கு ஒட்டுற மாதிரி பேசுறீங்க."

அவர் குடித்தார். நாக்கு ஒட்டியது உண்மைதான்.

நிரோஜினி ஓடி வந்தாள். வெயிலுக்குக் கையைத் தலைமேல் வைத்திருந்தாள். தன்னிடம் அவசர வழி ஒன்று இருப்பதாகச் சொன்னாள். பதிற்குரலைத் தாண்டி ஆளின் மணிக்கட்டிலேயே ஒலிக்கும். ஆனால் ஓர் ஆளுக்கு மூன்று முறைதான். அதற்கு மேல் அவளாலும் முடியாது.

"நான் விடலாமெண்டா எப்பவோ விட்டிருப்பன் ஐயா. கதவு என்ர சொல்லுக் கேளாது. பெட்டிக்குத்தான் திறக்கும்."

முதல் முறை மணி அடித்து ஓய்ந்தது. ஆவுடையப்பன் வண்டிக்குள் உட்கார்ந்திருந்தார். இருபத்தைந்து நிமிடம் என்றது வண்டி. இரண்டாவது முறை இரண்டு மணியில் துண்டிக்கப்பட்டது. கூட்டத்தில் இருப்பான் என்று அவரே நிரோஜினிக்குச் சமாதானம் சொன்னார். அடுத்ததை உடனே போட வேண்டாம், கூட்டம் முடியட்டும் என்று கேட்டுக்கொண்டார். பத்து நிமிடம் காத்திருந்தார்கள். குளிரூட்டியின் காற்று வெதுவெதுப்பானது. அவருக்குக் கைவிரல்கள் மரத்தன. எழுந்து நடந்து மேசைவரை வந்தபோது கண்கள் இருட்டின. நிரோஜினி அவரைப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு மூன்றாவது முறை அழைத்தாள்.

ஐந்தாவது மணியில் எடுக்கப்பட்டது.

"ஹலோ, யாரு?"

அதே குரல். ஆனால் பின்னணியில் ஆட்கள், கோப்பைகள், யாரோ சிரிக்கும் சத்தம். ஆவுடையப்பன் வாயைத் திறந்தார். ஒரு நொடி பேசாமல் இருந்தார்.

"ஹலோ? ஹலோ? கேக்குதா?"

"அப்பாடே. இங்க வெயிலு..."

"வெயிலா, சூப்பர்ப்பா, என்ஜாய் பண்ணுங்க. மீட்டிங்ல இருக்கேன், அப்புறம் பேசுறேன்."

துண்டித்துவிட்டான். ஒன்பது நொடி.

பெட்டியில் பச்சை எரிந்தது. அப்படி ஒரு தெளிவான பச்சையை அன்று முழுவதும் பார்க்கவில்லை என்றாள் நிரோஜினி. திரையில் காரணங்கள் வரிசையாக வந்தன. மௌனத்தை ஒரு நொடிக்குமேல் பொறுக்கவில்லை. எதிராளி பேசும்போதே இடைமறித்தார். சொன்ன சொல்லின் பொருளைக் கவனிக்கவில்லை. நேரம் குறிப்பிடாமல் பிறகு பேசுவதாக வாக்களித்தார். முடிவு: மெய்க்குரல், ஐயமில்லை.

இரும்புக் கதவு திறந்தது. உள்ளேயிருந்து குளிர் வந்து முகத்தில் மோதியது.

"வடிவாக் காத்திருந்து கதைச்சால் இது சந்தேகப்படும் ஐயா," என்று அவள் மெல்லச் சொன்னாள், மன்னிப்புக் கேட்பதுபோல. "மனுசர் அப்பிடிக் கதைக்கிறேல்ல எண்டு இதுக்குத் தெரியும்."

அவருடைய மணிக்கட்டில் ஒரு பட்டையைக் கட்டினாள். உள்ளே அழைப்புகளும் அதில்தான் வரும் என்றாள். போன ஆண்டு சிலர் படுக்கையில் பதிற்குரலை விட்டுவிட்டுப் போனார்களாம், வருகைப்பதிவுக்கு அது பதில் சொல்லிக்கொண்டிருந்ததாம். அதனால் உள்ளேயும் எல்லோருக்கும் இதே சோதனை, சின்ன அளவில். மெய்யான ஆள் என்று தெரிந்தால் பச்சை. ஐயம் வந்தால் மஞ்சள். மஞ்சள் வந்தால் காலையில் வந்து விசாரிப்பார்கள்.

படுக்கை எண் 212. கம்பளிச் சட்டை பதிற்குரல் சொன்னபடியே நீலப் பையில் இருந்தது. பாறைச் சுவரில் நீர் கசிந்துகொண்டிருந்தது. ஆவுடையப்பன் படுத்து, மேலே பார்த்தார்.

மகன்மேல் கோபம் வரும் என்று எதிர்பார்த்தார். வரவில்லை. அந்த ஒன்பது நொடி அவருக்கு ஏற்கனவே தெரிந்திருந்தது. நாற்பது ஆண்டுக்கு முன்னால், பெங்களூரில் வேலை பார்த்த நாட்களில், அவருடைய அப்பா தினமும் சாயங்காலம் கூப்பிடுவார். அப்போது பதிற்குரல் கிடையாது. அவரே எடுத்து, அவரே சொல்ல வேண்டியிருந்தது. அப்புறம் பேசுதேம்ப்பா. சொல்லிவிட்டு அதே கைபேசியில் முன்பின் தெரியாத யாரோ சமைப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பார். அந்த அப்புறம் எந்த நாளில் வந்தது என்று இப்போது யோசித்தார். நினைவில் ஒரு நாளும் இல்லை.

சுரங்கம் முழுவதும் மெல்லிய முணுமுணுப்பு கேட்டது. ஒவ்வொரு படுக்கையிலும் ஒரு முதியவர் மணிக்கட்டை வாயருகே வைத்துப் பேசிக்கொண்டிருந்தார். யார் மெய்யோடு பேசுகிறார்கள், யார் பதிலோடு பேசுகிறார்கள் என்று சொல்ல முடியவில்லை. மணி மாலை ஆறு என்று பட்டை காட்டியது.

பக்கத்துப் படுக்கையில் யாரோ எழுந்து உட்கார்ந்தார்கள். ஹல்வார். அவர் தன் செவிமாற்றியைத் தட்டிக் காட்டினார். ஆவுடையப்பனும் தன்னுடையதை மாட்டிக்கொண்டார்.

"பதினோரு நாளாக உங்களிடம் ஒன்று கேட்க நினைக்கிறேன்," என்றார் ஹல்வார். அவருடைய குரல் தாழ்ந்து, தயங்கி வந்தது. "நீங்கள் அந்த ஏரியை அவ்வளவு நேரம் பார்ப்பீர்களே. நானும் அப்படித்தான். அதில்..."

ஆவுடையப்பனின் மணிக்கட்டு துடித்தது. திரையில் ஓவியனின் பெயர். எந்த ஓவியன் என்பதில் அவருக்குச் சந்தேகமில்லை. மெய்யான ஓவியன் இந்நேரம் தூங்கப் போயிருப்பான்.

அவர் ஹல்வாரைப் பார்த்து ஒரு விரலை உயர்த்தினார்.

"ஒரு நிமிஷம். அப்புறம் பேசுவோம்."

அவருடைய பட்டையில் பச்சை எரிந்தது.

ஹல்வார் தலையசைத்தார். சொல்ல வந்ததைப் பாதியில் வைத்துக்கொண்டு, முழங்கால்மேல் கைகளை வைத்தபடி காத்திருந்தார். ஒரு நிமிடம் போனது. பத்து நிமிடம் போனது. அவர் இடைமறிக்கவில்லை, இருமக்கூட இல்லை. அந்த அரையிருட்டில் அவருடைய மணிக்கட்டில் மஞ்சள் விளக்கு எரியத் தொடங்கியது.

ஆவுடையப்பன் அதைக் கவனிக்கவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்து, கம்பளியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"சொல்லுங்கப்பா," என்றது குரல். "நான் கேட்டுக்கிட்டிருக்கேன்."