வராதவர்கள் பட்டியல்

வியாழக்கிழமை மத்தியானம் பன்னிரண்டரைக்குச் சிதம்பரம் மேல வீதியில் அமராவதியின் மாடிப்படியில் தடதடவென்று செருப்புச் சத்தம் கேட்டது. ஆட்டோக்காரர் கண்ணாயிரம் சவாரியைப் பாதியில் விட்டுவிட்டு இப்படி ஓடி வருகிறார் என்றால் யாரையோ கூட்டி வருகிறார் என்று அர்த்தம். கண்ணாயிரம் எம்.ஏ. வரலாறு. படிப்புக்கேற்ற வேலை கிடைக்காமல் பதினெட்டு வருடமாக ஆட்டோ ஓட்டுகிறவர். குற்றவாளி யார் என்பதை வழக்கைக் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுவார்.

அமராவதி ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர். இருபது வருடம் பொதுத்தேர்வுப் பறக்கும் படையில் இருந்தவர். காப்பியடித்த பிள்ளையை முகத்தைப் பார்த்தே பிடித்துவிடுவார் என்று ஊரில் பேச்சு உண்டு. அதெல்லாம் சும்மா கதை. அவர் முகத்தைப் பார்க்கவே மாட்டார், காகிதத்தைத்தான் பார்ப்பார்.

கண்ணாயிரத்துக்குப் பின்னால் ஒரு தாயும் மகளும் வந்தார்கள். தாய் கொளஞ்சியம்மாள், மகள் கனிமொழி. சேத்தியாத்தோப்புக்கு உள்ளே ஆறு கிலோமீட்டர் தள்ளி ஊர். பெண் பிளஸ் டூவில் அறுநூறுக்கு நானூற்று எண்பத்தொன்று. சிதம்பரத்துக்கு வெளியே இருக்கும் நடுநாட்டு கலை அறிவியல் கல்லூரியில் வேதியியலுக்குத் தரவரிசையில் பதினான்காவது பெயர். சேர்க்கை இன்று நான்கு மணியோடு முடிகிறது. ஆனால் செவ்வாய்க்கிழமை கவுன்சிலிங்குக்கு அவள் வரவில்லை என்று பலகையில் போட்டுவிட்டார்கள்.

"எட்டரைக்கே போயிட்டோம்மா," என்றாள் கொளஞ்சியம்மாள். "போன வருஷம் எங்க அக்கா பொண்ணும் இதே காலேஜ்லதான் சேந்துச்சி. லேப்பு முடியறதுக்குள்ள பஸ்ஸு போயிடுது, படிப்ப பாதியில நிறுத்திடுச்சி. இவளாவது படிக்கட்டும்னு பாத்தா வாசல்லயே மூடிட்டாங்க."

கனிமொழி தலையைக் குனிந்துகொண்டே நடந்ததைச் சொன்னாள். ஒன்பதே காலுக்கு அலுவலகத்தில் சாதிச் சான்றிதழுக்கு இன்னொரு ஜெராக்ஸ் கேட்டார்களாம். ஓடியிருக்கிறாள். கல்லூரி எதிரே இருந்த இரண்டு கடையிலும் மிஷின் ஓடவில்லை. கடைசியில் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜெனரேட்டர் வைத்திருந்த கடையைத் தேடிப் பிடித்து எடுத்துக்கொண்டு திரும்பும்போது மணி பத்தரை. பலகையில் அவள் பெயர் இருந்தது.

"நான் போயிருந்தப்ப கூப்ட்டிருப்பாங்க. என் தப்புதான் மேடம்," என்றாள்.

பலகையைப் போனில் படம் எடுத்து வைத்திருந்தாள். அமராவதி அதை வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். 'வேதியியல் — கலந்தாய்வுக்கு வராதவர்கள்' என்று கணினி எழுத்தில் ஏழு பெயர். கீழே முதல்வர் கையெழுத்து. பக்கத்தில் 'நேரம்: காலை 10.15' என்று அதே கணினி எழுத்து.

"ஆபீஸ் சூப்பரின்டெண்ட் ஜெயராணிதான்க்கா," என்றார் கண்ணாயிரம். "வேணும்னே ஜெராக்ஸுக்கு அனுப்பிட்டு அந்த கேப்புல கூப்ட்டிருக்குது."

அமராவதி புடவை மாற்றப் போனார்.

கல்லூரிக்குப் போய்ச் சேரும்போது மணி ஒன்றரை. ஜெயராணியின் குரல் கரகரவென்று உடைந்து கிடந்தது. காய்ச்சலா என்று அமராவதி கேட்டதும் அந்த அம்மாள் கொட்டித் தீர்த்துவிட்டாள். செவ்வாய்க்கிழமை ஒன்பதரையிலிருந்து நூறு பெயரைத் தொண்டை கிழியக் கத்திக் கூப்பிட்டாளாம். ரசீதெல்லாம் கையால் எழுதி விரல் வீங்கிவிட்டதாம். முதல்வர் கொடுத்த தாளைப் படித்ததோடு தன் வேலை முடிந்தது என்றாள். ஜெராக்ஸ் குறைந்த எல்லோரையும்தான் அனுப்பினாளாம். கனிமொழியின் பெயரைக் கூப்பிட்டீர்களா என்று கேட்டபோது மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டு, அதை முதல்வரிடம் கேளுங்கள் என்றாள். ஏழு பேரின் விலாசத்தையும் போன் நம்பரையும் அமராவதி கேட்டார். ஜெயராணி ஒரு நிமிடம் யோசித்துவிட்டு எழுதிக் கொடுத்தாள்.

முதல்வர் செந்தமிழ்செல்வன் கெட்ட மனிதரில்லை. எரிச்சலே அதுதான். லஞ்சம் வாங்குகிறவராக இருந்தால் ஒரு புகாரில் வேலை முடிந்துவிடும். இவரோ சொந்தக் காசில் மரக்கன்று வாங்கி வைக்கிறவர். சுவரில் 'சிறந்த தலைமைப் பண்பு' என்று ஏதோ அறக்கட்டளை கொடுத்த கேடயம். அதன் பக்கத்தில் பெரிய வரைபடம்: படிப்பைப் பாதியில் விட்டவர்கள், வருடவாரியாக. இந்த வருட இலக்குக்கு நேரே சிவப்பு மையில் பூஜ்யம் போட்டுச் சுழித்திருந்தது.

அமராவதி கனிமொழியின் பெயரையும் தரவரிசை எண்ணையும் மட்டும் சொன்னார். தாயும் மகளும் வெளியே நின்றிருந்தார்கள்.

"பாவம்தான். ரெண்டு பஸ் மாறி வர்ற புள்ளைங்க, நேரத்துக்கு வர முடியறதில்ல. விதின்னு ஒண்ணு இருக்கே மேடம்," என்றார் முதல்வர்.

அமராவதி தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தார். அதற்குள் மின்சார மணி அடித்தது. வாட்ச்மேனிடம், செவ்வாய்க்கிழமையும் இந்த மணிதானா என்று கேட்டார். அன்றைக்கு எங்கே மணி, மாதாந்திரப் பராமரிப்பு என்று ஒன்பது மணிக்குப் பிடுங்கிய கரண்ட் இரண்டு மணிக்குத்தான் வந்தது, தண்டவாளத் துண்டைத் தட்டித் தட்டித் தோள்பட்டை போச்சு என்றார் அவர். ஜெனரேட்டர் போன மழையிலேயே படுத்துவிட்டதாம். யு.பி.எஸ். பேட்டரியும் செத்து ஒரு வருடமாகிறதாம்.

வேப்பமரத்தடியில் அமராவதி விலாசத் தாளைக் கண்ணாயிரத்திடம் கொடுத்தார். ஒரே சாதியா என்று முதலில் பார்த்தார் கண்ணாயிரம். இல்லை. மார்க்கு குறைவா என்றால் அதுவும் இல்லை. பிறகு ஊர்ப் பெயர்களை வாய்விட்டுப் படித்தவர் நடுவில் நின்றுவிட்டார். சேத்தியாத்தோப்புக்கு உள்ளே, ஸ்ரீமுஷ்ணத்துக்கு அந்தப் பக்கம், பண்ருட்டிக்கு மேற்கே. இந்த ஜில்லாவின் பஸ் ரூட்டெல்லாம் அவருக்கு மனப்பாடம்.

"அக்கா, ஏழுமே ரெண்டு பஸ் மாறணும்க்கா. இதுல ஒண்ணுகூட டைரக்ட் பஸ் கெடையாது," என்றார் மெதுவாக.

மூன்று மணிக்கு முதல்வர் அறையில் எல்லோரும் கூடினார்கள். ஜெயராணி கதவோரம் நின்றாள். கொளஞ்சியம்மாளை உட்காரச் சொன்னது அமராவதிதான், முதல்வர் இல்லை.

"இந்தப் பட்டியல் பத்தே காலுக்கு அடிச்சதுன்னு போட்டிருக்கு," என்று அமராவதி படத்தை மேஜையில் வைத்தார். "அன்னிக்கு ஒன்பதுல இருந்து ரெண்டு வரைக்கும் கரண்ட் இல்ல. மைக் இல்லாம கத்தித்தான் இவுங்களுக்குத் தொண்டை போச்சு. கம்ப்யூட்டர் இல்லாம ரசீதைக் கையால எழுதியிருக்காங்க. ஜெராக்ஸ் கடையே ஓடாமத்தான் இந்தப் பொண்ணு ஊரைச் சுத்தியிருக்கு. அப்ப பத்தே காலுக்கு எந்த பிரிண்டர் ஓடுச்சி?"

அமராவதி மேஜையில் இருந்த படத்தை விரலால் தட்டினார்.

"ஒன்பதுக்கு முன்னாடியே அடிச்சது. பேரு கூப்பிட ஆரம்பிச்சது ஒன்பதரைக்கு. கூப்பிடறதுக்கு முன்னாடியே யார் வரலன்னு எப்படித் தெரியும்? கூப்பிடப் போறதில்லன்னா தெரியும். ஜெயராணி, உங்க தாள்ல இந்த ஏழு பேரோட பேரும் இருந்துச்சா?"

ஜெயராணி முதல்வரைப் பார்த்தாள். பிறகு, "இல்ல மேடம். பதிமூணுக்கு அப்புறம் பதினஞ்சுதான் இருந்துச்சி. கேட்டேன், படிங்கன்னுட்டாரு," என்றாள்.

அமராவதி முதல்வர் பக்கம் திரும்பினார். "நான் பேரும் நம்பரும்தான் சொன்னேன் சார். ரெண்டு பஸ் மாறி வர்ற புள்ளைன்னு நீங்கதான் சொன்னீங்க. விண்ணப்பத்துல விலாசம் பாத்துப் பொறுக்கினவருக்குத்தான் அது ஞாபகம் இருக்கும்."

செந்தமிழ்செல்வன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுக்கவில்லை. "ஒரு பைசா வாங்கல மேடம். போன வருஷம் அந்தப் பக்கத்துப் புள்ளைங்க பதினோரு பேர் பாதியில நின்னுட்டாங்க. பதினோரு சீட்டு வீண். முடிக்கிற புள்ளைக்கு அது போகட்டுமேன்னு பாத்தேன். காலேஜு பேரு எனக்கு முக்கியம்."

"ஏன் நின்னாங்கன்னு கேட்டீங்களா?" என்றார் அமராவதி.

அவர் சுவரைத் திரும்பிப் பார்த்தார். வரைபடத்தில் அதற்குக் கட்டம் போடவில்லையே.

"நான் சொல்றேன் சார்," என்றாள் கொளஞ்சியம்மாள். "லேப்பு நாலரைக்கு விடறீங்க. எங்க ஊரு பஸ்ஸு சேத்தியாத்தோப்புல அஞ்சு மணிக்கு எடுத்துடறான். அரமணி முன்னாடி விட்டா எங்க புள்ளைங்க ஏன் சார் நிக்கப் போவுது?"

அரை மணி நேரம். அதைக் கேட்க ஒரு தலைமைக்கு நேரமில்லாமல் போயிருக்கிறது. ஏழு பிள்ளைகளின் பெயரை அடிக்க மட்டும் கரண்ட் போவதற்குள் விடியற்காலையில் வந்து உட்கார நேரம் இருந்திருக்கிறது.

வேதியியலில் இரண்டே இடம் மிச்சம். கனிமொழியின் பெயர் மூன்று இருபதுக்குப் பதிவானது. அவள் சிரிக்கக்கூட இல்லை. "மீதி ஆறு பேரு மேடம்?" என்று கேட்டாள். கூடுதல் இடம் கேட்டு இயக்குநரகத்துக்குக் கடிதம் எழுத வேண்டும், காரணத்தை மறைக்காமல் எழுத வேண்டும் என்றார் அமராவதி. முதல்வர் எழுதிக் கையெழுத்துப் போட்டார். இடம் வருமா வராதா என்பது ஆண்டவனுக்கே வெளிச்சம். கண்ணாயிரம் கடிதத்தை இரண்டு தரம் படித்துவிட்டு மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

மிச்சமிருந்த ஓரிடம் அந்த ஏழு பேரில் தரவரிசைப்படி அடுத்தவளுக்கு. அனுப்பிரியா, பதினேழாவது பெயர், பண்ருட்டிக்கு மேற்கே. அமராவதி எண்ணைப் போட்டு ஸ்பீக்கரில் வைத்து, போனை முதல்வர் பக்கம் தள்ளினார்.

"நீங்களே சொல்லுங்க சார்."

முந்திரி உடைக்கிற கொட்டகை போலிருக்கிறது, பின்னால் டக் டக்கென்று சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. காலேஜிலிருந்து முதல்வர் பேசுகிறேன் என்று அவர் தொடங்கியதுமே அந்தச் சின்னக் குரல் பதறிப்போனது.

"மன்னிச்சிடுங்க சார். செவ்வாக்கெழம ஜெராக்ஸுக்குக்கூட எழுந்து போவல சார், காலையில இருந்து மொத பெஞ்சுலதான் குந்தியிருந்தேன். நீங்க கூப்ட்டது என் காதுல விழவே இல்ல. என் தப்புதான் சார்."

முதல்வர் கண்ணாடியை மறுபடி கழற்றினார். சுவரில் மணி மூன்று முப்பத்தைந்து. அமராவதி போனை எடுத்துக்கொள்ளவில்லை. கையைக் கட்டிக்கொண்டு, அவர் பேசட்டும் என்று காத்திருந்தார்.