உதட்டுப் பொருக்கு

நாச்சிமுத்து கண் விழித்தபோது நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. உதட்டோரங்களில் வெள்ளைப் பொருக்கு. விரலால் தேய்த்தான். காய்ந்த மாவு போல உதிர்ந்தது.

கண்ணாடி முன் மேகலா தலை சீவிக்கொண்டிருந்தாள். அவள் உதடுகளில் ஒரு துளிப் பொருக்கு இல்லை.

“தண்ணி பக்கத்துலயே வெச்சிருக்கேங்க,” என்றாள், திரும்பாமல்.

இந்த வாரம் முழுக்க இப்படித்தான்.

கோவையில் ஊடற்பட்டை இல்லாத வீடு இப்போது அரிது. கணவனும் மனைவியும் ஆளுக்கொன்று கழுத்தில் கட்டிக்கொண்டு படுப்பார்கள். உடல் உறங்கும், வாய் மட்டும் விழித்துக்கொள்ளும். பகலில் விழுங்கிய கோபத்தையெல்லாம் இரண்டு வாய்களும் பேசித் தீர்த்துவிடும். விடிந்தால் ஒரு சொல்லும் நினைவிருக்காது, மனதில் கனமும் இருக்காது. மிச்சம், வறண்ட வாயும் இந்தப் பொருக்கும்தான்.

லிஃப்டில் மேல்வீட்டுத் தங்கவேலு அவன் வாயையே பார்த்தார்.

“என்ன மாப்ள, ராத்திரி கச்சேரி பலமோ?”

“அதெல்லாம் ஒண்ணுமில்லீங்ணா.”

“காலைல உம்பட சம்சாரத்தப் பாத்தேன். அது உதட்டுல ஒண்ணையுங் காணம். நீ மட்டும் தனி ஆவர்த்தனமாக்கும்.”

கூட நின்றவர்கள் சிரித்தார்கள். நாச்சிமுத்துவும் சிரித்தான். அலுவலகம் போகாமல் நேரே பட்டை பழுதுபார்க்கும் கடைக்குப் போனான்.

“ஒரே ஆள் பேசறது நடக்குமுங்களா?”

“நடக்குமே,” என்றார் கடைக்காரர். “தூங்கறவங்க காதுல எந்தக் குரல் விழுந்தாலும் வாய் பதில் சொல்லும். கேக்கறவங்க தூங்கறாங்களா முழிச்சிருக்காங்களான்னு பட்டைக்கு எப்படித் தெரியும்?”

“முழிச்சிருந்து கேட்டா?”

“கேட்டதுக்கெல்லாம் சொல்லிருவீங்க. தூக்கத்துல பொய் வராதுங்க.”

நாச்சிமுத்துவுக்குச் சுருளி நினைவு வந்தது. மேகலாவின் நாய். கேட் திறந்திருந்தது, ஓடிவிட்டது என்று அவளிடம் சொல்லியிருந்தான். குரைப்புத் தாங்காமல் அதைக் காரில் ஏற்றிப் பல்லடம் சாலையில் இறக்கிவிட்டு வந்தவன் அவன்தான். தொண்டை கட்டும்வரை அவள் தெருத்தெருவாக அதன் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டு அலைந்தாள். அவனும் கூடவே அலைந்தான்.

அவளுக்குத் தெரிந்துவிட்டதா? தெரிந்தால் கத்தியிருப்பாளே. கத்தவில்லை என்றால் எதற்காகக் காத்திருக்கிறாள்? அதன் பிறகு தட்டில் விழும் ஒவ்வொரு கரண்டிச் சோற்றையும் அவன் சந்தேகத்தோடுதான் பார்த்தான்.

ஞாயிறு மதியம் கறிச்சோறு. உண்ட களைப்பில் படுப்பதுபோல் பட்டையைக் கட்டிக்கொண்டு படுத்தான். கண்ணை மூடி, மூச்சைச் சீராக்கினான். உறங்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் மேகலா வந்து பக்கத்தில் படுத்தாள். தன் பட்டையை அவள் கழற்றி அலமாரியில் வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு அவன் காதருகே அவள் குரல்.

“என்னங்க. நேத்து ஆபீஸ்ல என்ன நடந்துச்சு?”

அவன் காத்திருந்தான். கேள்வி இதுவாக இருக்காது. இதற்குப் பின்னால் ஒன்று வரும்.

“மேனேஜர் மறுபடியும் ஏதாச்சும் சொன்னாரா? சின்ன வயசுல கிணத்துல உழுந்த கதையப் பாதில விட்டுட்டீங்களே. அப்புறம் யாரு தூக்குனாங்க?”

அவன் அசையவில்லை.

“சுருளியப் பத்தியா யோசிக்கறீங்க? அதத்தான் மொத நாளே சொல்லிட்டீங்களே. அழுதீங்க. எனக்கு ஆத்திரமா வந்துச்சு. ஆனா நீங்க அழுது நான் பாத்ததே இல்ல.” அவள் கை அவன் தலையைக் கோதியது. “இந்தப் பட்டை வந்ததுலருந்து பகல்ல நாம பேசறதுக்கு ஒண்ணுமே இல்லாமப் போச்சு. பேசுங்க. கேக்கறதுக்குத்தான் நான் முழிச்சிருக்கேன்.”

நாச்சிமுத்து வாயைத் திறந்தான். நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. எங்கிருந்து தொடங்குவது என்று தேடினான். ஒரு சொல்லும் அகப்படவில்லை.

“இன்னிக்கு என்னாச்சு?” என்றாள் மேகலா. “நல்லாத் தூங்கலியா?”