வாத்து வைரஸில் நான்கு பிழை

செவ்வாய், காலை 6.10. மூன்றாம் கொட்டகையைத் திறந்த பண்ணைக்காரர் வாசலிலேயே நின்றுவிட்டார். கொக்கரிப்பே இல்லை. பாதிக் கோழிகள் கொண்டை கறுத்துச் செத்துக் கிடந்தன.

8.40. இன்ஸ்பெக்டரும் கால்நடை டாக்டரும் வந்தார்கள். பண்ணைக்காரர் பக்கத்துக் குளத்தைக் காட்டினார். அவருடைய அண்ணி அங்கே வாத்து மேய்க்கிறாள்.

"பறவைக் காய்ச்சல் சார். அண்ணியோட வாத்துங்கதான் கொண்டு வந்துச்சு. மறைச்சுட்டாங்க. கேஸ் போடுங்க."

கேஸ் நிரூபணமானால் அவளால் இனி ஒரு பறவையும் வளர்க்க முடியாது.

"நோய் வந்த வாத்தைக் கொல்லுவாங்க, தெரியும்," என்றாள் அண்ணி. "ஆனா நான் மறைக்கல டாக்டரம்மா."

டாக்டர் பண்ணைக்காரரிடம் திரும்பினாள். "முதல் சாவு எப்போ?"

"இன்னைக்குத்தான்."

"ஒண்ணாம் கொட்டகை ஏன் காலி?"

"கிழட்டுக் கோழிங்க. போன வாரம் வித்தாச்சு. கழுவி சுண்ணாம்பும் அடிச்சாச்சு."

டாக்டர் கோழிகளின் தொண்டையிலும் வாத்துகளின் தொண்டையிலும் பஞ்சுக்குச்சி விட்டாள். பிறகு ஒன்றாம் கொட்டகையில் ஸ்டூல் போட்டு ஏறி, காற்றாடி இறக்கையில் படிந்திருந்த தூசியை வழித்தாள்.

"காத்தாடிக்கும் காய்ச்சலாம்மா?" என்று சிரித்தார் இன்ஸ்பெக்டர்.

வெள்ளி, 11.00. பண்ணை ஆபீஸ் அறை. நால்வரும் உட்கார்ந்தார்கள்.

"இந்த வைரஸ் தன்னைப் பிரதி எடுக்கும்போது எழுத்துப்பிழை விடும்," என்றாள் டாக்டர். "அந்தப் பிழை அடுத்த பிரதிக்கும் போகும். பரீட்சையில காப்பியடிச்ச மாதிரி. போன வருஷம் சந்தையில கிடைச்ச வைரஸோட ஒப்பிட்டேன். மூணாம் கொட்டகையில மூணு பிழை. வாத்துல அதே மூணு, கூட ஒண்ணு."

"அப்போ வாத்துதான் கோழியைப் பார்த்துக் காப்பியடிச்சிருக்கு!" என்றார் இன்ஸ்பெக்டர்.

"ஆமா சார். எல்லாக் கொட்டகைக் கழிவும் ஒரே வாய்க்கால்ல குளத்துக்குத்தான் போகுது."

பண்ணைக்காரர் மேசையைத் தட்டினார். "சரி, எனக்கு வேற எங்கிருந்தோ வந்திருக்கும். நான் என்னத்தைக் கண்டேன்?"

"ஒண்ணாம் கொட்டகைத் தூசியிலயும் வைரஸ் இருக்கு. அதுல ஒரே பிழை. அந்த மூணுல ஒண்ணு. அப்போ நோய் முதல்ல வந்தது அங்கதான். அந்தக் கோழிங்க விலை போகல, செத்துப் போச்சு. தரையைக் கழுவுனீங்க, சுவருக்குச் சுண்ணாம்பு அடிச்சீங்க, காத்தாடி இறக்கையை மறந்தீங்க. அதே பூட்ஸோட மூணாம் கொட்டகைக்குப் போனீங்க. மறைச்சது நீங்கதான்."

பண்ணைக்காரர் குரல் இறங்கியது. "வெளியே தெரிஞ்சா பண்ணையை மூடிடுவாங்கன்னு..."

அண்ணி டாக்டரைப் பார்த்தாள். "அன்னைக்கே சொல்லியிருந்தா என் வாத்துங்க பிழைச்சிருக்குமா?"

"குளத்துல இறங்க விட்டிருக்க மாட்டோம். பிழைச்சிருக்கும்."

இன்ஸ்பெக்டர் புகாரில் அவள் பெயரை அடித்துவிட்டு அவர் பெயரை எழுதினார்.

"அண்ணி..." என்றார் பண்ணைக்காரர்.

"இனிமே என்னை முறை சொல்லிக் கூப்பிடாதே," என்று எழுந்தாள் அவள்.