ஹெலனின் தலைவலி

ஹெலன் எழுந்து நின்றால் சபையே நிமிர்ந்து உட்காரும்.

புதுவாயல் சபையில் மாதக் கடைசி ஞாயிறு பிள்ளைகள் சாட்சி சொல்லும் நாள். கடவுள் தனக்குச் செய்ததை ஒவ்வொரு பிள்ளையும் எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டும். சுகிர்தாவுக்கோ எழுந்ததுமே நாக்கு ஒட்டிக்கொள்ளும். "பரீட்சை நல்லா எழுதினேன், ஸ்தோத்திரம்" என்று முனகிவிட்டு உட்கார்ந்துவிடுவாள்.

ஹெலன் அருவி மாதிரி கொட்டினாள்.

"நான் ஸ்கூல்ல தெனமும் சாப்பிடறதுக்கு முன்னாடி ஜெபம் பண்றேன். யாராச்சும் கேட்டா, இயேசப்பாவைப் பத்தி வெக்கப்படாம சொல்றேன்!"

"ஆமென்!" என்றார் பாஸ்டர் எபினேசர். "கிறிஸ்துமஸ் கூட்டத்துல சாட்சி சொல்லப் போறது நம்ம ஹெலன்தான்."

எல்லாரும் கைதட்டினார்கள். சுகிர்தாவும் தட்டினாள், சத்தம் வராமல்.

இருவரும் ஒரே பள்ளியில் ஆறாம் வகுப்பு. ஆனால் ஹெலன் 'பி' பிரிவு. திங்கட்கிழமை மதியம் சுகிர்தா தன் டிபன் பாக்ஸுடன் 'பி' பிரிவுப் பிள்ளைகள் சாப்பிடும் சைக்கிள் ஷெட்டுக்குப் போனாள். சும்மா பார்க்கத்தான்.

ஹெலன் கண்ணை மூடினாள். உதடுகள் லேசாக அசைந்தன.

"இன்னாடி, இன்னிக்கும் தலைவலியா?" என்றாள் பக்கத்தில் இருந்த காயத்ரி.

"ஆமா," என்றாள் ஹெலன்.

"எங்கம்மா உனக்குன்னே தைலம் குடுத்து வுட்டாங்க. காட்டு நெத்திய!"

காயத்ரி தேய்த்த தேய்ப்பில் ஹெலனின் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது.

ஜெபத்தைத் தலைவலி என்று மறைக்கிறாள்! வெட்கப்படாமல் சொல்கிறாளாம்! பாஸ்டரிடம் சொல்லிவிட வேண்டியதுதான். என்ன சொல்வது என்று சாயங்காலம் முழுக்கத் தனக்குள் சொல்லிப் பார்த்தாள். ஆச்சரியம், அந்தப் பேச்சு மட்டும் தடங்கலில்லாமல் வந்தது.

மறுநாளும் ஷெட்டுக்குப் போனாள். ஹெலன் கண்ணை மூடினாள். காயத்ரி எழுந்துவிட்டாள்.

"தெனமும் தலைவலின்னா சும்மாவா? கண்ணுல இன்னாவோ கோளாறு. வா, டீச்சராண்ட சொல்லலாம். உங்கப்பாவ வரச் சொல்வாங்க."

"வேணாம் காயத்ரி, வேணாம்!"

காயத்ரி அவள் கையைப் பிடித்து இழுத்தாள். ஹெலன் சுகிர்தாவைப் பார்த்தாள். அழுதுவிடுவாள் போலிருந்தது.

சுகிர்தா பேசவில்லை. பேசாமல் இருந்தாலே போதும், எல்லாம் தானாக வெளியே வந்துவிடும்.

ஆனால் ஒன்று நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. யாரும் பார்க்கக் கூடாது என்று சுகிர்தா தன் ஜெபத்தைக் காலையில் வீட்டிலேயே முடித்துவிட்டு வருகிறவள். ஹெலனாவது கண்ணை மூடினாள். இவள் அதைக்கூடச் செய்ததில்லை.

"காயத்ரி," என்றாள் சுகிர்தா. "அவளுக்குத் தலைவலி இல்ல. ஜெபம் பண்றா. நாங்க கிறிஸ்டியன். சாப்பிடறதுக்கு முன்னாடி நன்றி சொல்லுவோம். எனக்கும் இங்க பண்ண வெக்கம்தான்."

காயத்ரி ஹெலனின் கையை விட்டாள்.

"அப்போ இத்தினி நாளா தைலத்த எதுக்குடி தேய்ச்சிக்கின?"

"நீ சிரிப்பியோன்னு..."

"நான் இன்னாத்துக்கு சிரிக்கப் போறேன்? காக்காக்கு வெக்காம எங்கம்மா ஒரு வாய் துன்ன மாட்டாங்க. காக்கா வரலேன்னா எங்கப்பாக்கும் சோறு கெடையாது!"

மூவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"நன்றி மட்டுந்தானா? வேற இன்னா கேப்பீங்க?"

"எங்கப்பா இரும்புக் கம்பெனில உலைகிட்ட நிக்கறாரு. ஷிப்ட்டு முடிஞ்சி பத்திரமா ஊட்டுக்கு வரணும்னு கேப்பேன்," என்றாள் சுகிர்தா. நாக்கு ஒட்டவே இல்லை.

காயத்ரியின் குரல் இறங்கியது. "எங்கப்பாவும் உலை வேலைதான். அவரையும் சேத்துக்கோயேன்."

சுகிர்தா கண்ணை மூடி, வாய்விட்டு ஜெபித்தாள். நான்கே வரி. இரண்டு அப்பாக்களும் அதில் இருந்தார்கள்.

கண்ணைத் திறந்தபோது ஹெலன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உனக்கு எப்டி இவ்ளோ நல்லா வருது?" ஹெலனின் முகம் சுருங்கியிருந்தது. அந்தச் சுருக்கம் சுகிர்தாவுக்கு நன்றாகத் தெரியும். இத்தனை ஞாயிறுகளும் அது சுகிர்தாவின் முகத்தில்தான் இருந்தது.

ஹெலன் மெல்லக் கேட்டாள். "பாஸ்டராண்ட சொல்லிடுவியா?"

"இன்னாத்த?" என்றாள் சுகிர்தா. "நாளைக்கு நீ பண்ணு. சத்தமா."