சவேரியம்மாள் கல்லறையின் உப்பு

மேட்டூரில் அணை கட்டிக்கொண்டிருந்த காலம். சாயங்கால மழை விட்டதும், காய்ச்சலில் துவண்ட மகள் கண்ணாத்தாளைத் தோளில் போட்டுக்கொண்டு, சேலத்துச் சாலையோரம் இருந்த கன்னிமடத்துக் கல்லறைத் தோட்டத்துக்குள் குப்பாயி நுழைந்தாள்.

ஒரு காலத்தில் அவள் அந்த மடத்தில் துணி துவைத்தவள். கன்னியாஸ்திரி சவேரியம்மாளின் இரண்டு உள்ளங்கைகளும் வெள்ளிக்கிழமைதோறும் தானாகப் பிளந்து ரத்தம் வடியும். ஆண்டவரின் காயம் என்றார் சவேரியம்மாள். ஊசியால் குத்திக்கொள்கிறாள் என்று மடத்துத் தலைவி அவரை அறையில் போட்டுப் பூட்டினாள். அவர் புண்ணை வேப்பிலை வெந்நீரில் கழுவி, கட்டுத்துணியை அலசியது குப்பாயிதான். செத்த பிறகும் அந்தக் காயம் மூடவில்லை. அப்படியே புதைத்தார்கள்.

புதைத்த பின்னால், கல்லறையைத் தொட்ட பிள்ளைகளுக்கு நோய் தீர்ந்தது. பூட்டிவைத்த தலைவியே வெள்ளையடித்துக் குருசு நட்டாள். உப்புக் கரைந்தால் நோவும் கரையும் என்று மாரியம்மனுக்குப் போடுகிற வழக்கப்படியே, மேச்சேரியிலிருந்துகூட சனங்கள் உப்பைக் கொண்டுவந்து கொட்டினார்கள்.

கல்லறைத் தோட்டத்துக் காவல்காரன் சடையன் அவளைப் பார்த்துச் சிரித்தான். "ஏம்புள்ள, அந்தம்மா புண்ணைக் கழுவுனவ நீ. உனக்குமா உப்பு?"

"புள்ளைக்கு நோவுன்னா நான் எங்கீங்க போவேன்?"

அவன் விளக்கேற்றப் போய்விட்டான். குப்பாயி முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு கை உப்பைப் போட்டாள். மழை ஈரத்தில் அது கரைந்து, கல்லின் வெடிப்புக்குள் இறங்கியது. மெழுகு வாசனைக்கு அடியிலிருந்து இன்னொரு வாடை எழுந்தது. ரத்தமும் வேப்பிலையும்.

அப்புறம் ஒரு சத்தம். சுட்ட புண்ணில் கை பட்டால் பல்லைக் கடித்து மூச்சிழுப்போமே கண்ணுகளா, அந்தச் சத்தம்.

கல்லுக்குக் கீழே.

"குப்பாயி... எரியுது சாமி."

அவள் கை தானாக உப்பைத் தள்ளப் போனது. அதே நேரம் தோளில் கிடந்த பிள்ளைக்கு வேர்த்தது. கழுத்து குளிர்ந்தது.

"ஆத்தா, பசிக்குது."

கை நின்றுவிட்டது.

தள்ளினால் காய்ச்சல் திரும்பிவிடுமோ?

முடிச்சில் மிச்சமிருந்ததையும் கொட்டினாள். கீழே முனகல் நீண்டது. பிள்ளையை இறுக்கிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் ஓடினாள்.

கண்ணாத்தாள் பிழைத்த சேதி பரவியது. நாமக்கல் பக்கத்திலிருந்து வண்டி கட்டி, மூட்டை மூட்டையாக உப்போடு வந்தார்கள். "போடலாமா?" என்று குப்பாயியைத்தான் கேட்டார்கள். அவள் பிள்ளையின் கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். ஆமாம் என்று தலையாட்டினாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை, பொழுது சாயும் நேரம். கண்ணாத்தாள் வீட்டு மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். யாருடைய கையையோ ஏந்திப் பிடித்தாற்போல இரண்டு கைகளையும் குவித்துக்கொண்டு, மெல்ல மெல்ல ஊதினாள்.

"என்ன சாமி பண்றே?"

பிள்ளை திரும்பவில்லை.

"ஊதி உடறேன் ஆத்தா. தாங்க முடியலையாம்."

அவளுக்கு முன்னால், சாணி மெழுகிய தரையில், யாருமில்லாத இடத்தில், சொட்டுச் சொட்டாக ஈரம் விழுந்துகொண்டிருந்தது.